பச்சைச் சேலைக்காரியைப் பற்றி நான் சொன்ன பொய்

கொலைகாரனைப் பற்றி யாராவது ருசித்துப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. எழுந்து போய்விடுவேன். ஒருமுறை கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, ஏதோ ஊரில் ஒருவன் எத்தனை பேரைக் கொன்றான், எப்படிக் கொன்றான் என்று விவரித்துக்கொண்டிருந்தார். கேட்டால் நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா என்பார்கள். ஜாக்கிரதையாக இருக்கத்தான் என்பார்கள். சும்மா சொல்கிறார்கள். ஜாக்கிரதைக்கு ஒரு வரி போதும். மிச்சப் பக்கமெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்த மிச்சப் பக்கங்களை வாய்விட்டுப் படித்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் மின்சார சுவிட்சுகளுக்கு ஸ்க்ரூ முடுக்கும் வேலை. சேக்காட்டிலிருந்து ஆவடிக்கு நடந்து, அங்கிருந்து ரயிலில் போவேன். நீளமான ஒரே மேஜையைச் சுற்றி நாங்கள் பதினான்கு பெண்கள். ஆளுக்கொரு தகரத் தட்டு, அதில் குவியலாகக் கறுப்பு சுவிட்சுகள். சாயங்கால மணி அடிப்பதற்குள் தட்டைக் காலி செய்தாக வேண்டும். பதினான்கு பேரில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களில் பாதிப் பேர் சம்பளத்துக்கே கைநாட்டு.

வாட்ச்மேன் காலைப் பேப்பரைப் படித்து முடித்துவிட்டுப் பத்து மணிக்கு எங்களிடம் கொடுத்துவிடுவார். நான் வாய்விட்டுப் படிப்பேன். ஆரம்பத்தில் டீ இடைவேளையில் மட்டும்தான். மழை, மந்திரி, அரிசி என்று எதைப் படித்தாலும் கொட்டாவி விடுவார்கள். ஸ்க்ரூவை விட்டுவிட்டு அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

பிறகு அந்தக் கொலைகாரன் பிடிபட்டான். தனியாக வரும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், ஆளில்லாத இடத்தில் கொன்று நகையைக் கழற்றிக்கொள்கிறவன். நம் பக்கத்திலேயே ஏரிக்கரைகளிலும் சவுக்குத் தோப்புகளிலும் புதைத்திருந்தான். போலீஸ் தினமும் அவனை ஒவ்வொரு இடமாக அழைத்துப்போய்த் தோண்டியது. பேப்பர் அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது. எங்கள் மேஜைக்கு உயிர் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த ஏற்பாடு உண்டாயிற்று. மேஜைக்குப் பெரியவளாக முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தாள். நல்ல உடம்புக்காரி. அவள் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஒரு நாள் என் தட்டிலிருந்து ஒரு கை நிறைய சுவிட்சுகளை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"நீ முடுக்க வாணாம்மே. படி. ஒன் பங்கை நாங்க பாத்துக்கறோம்."

மற்றவர்களும் ஆளுக்கொரு கை அள்ளினார்கள். என் தட்டு காலி. அன்றிலிருந்து என் வேலை ஸ்க்ரூ முடுக்குவது இல்லை, கொலை படிப்பது. சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை. கைகள் நிற்கவில்லையே, வாய்கள் மூடியிருக்கின்றனவே என்று அவருக்குத் திருப்தி. தவிர, கதவோரம் நின்று அவரும்தான் கேட்டார்.

அது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் நான் ஐந்தாவது பெண், என் பேச்சை யாரும் காதில் வாங்கியதில்லை. இங்கே பதின்மூன்று பேர் என் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். கழுத்தை நெரித்தான் என்று படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் நின்றுவிடும். "அப்பால?" என்பார்கள். அந்த "அப்பால" எனக்கு வெல்லக்கட்டி மாதிரி இருந்தது.

பேப்பர்காரன் எல்லா நாளும் நிறையப் போடமாட்டான். ஒரு நாள் வெறும் நான்கு வரி. ஏரிக்கரை ஒன்றில் ஒரு பெண்ணின் உடலைத் தோண்டி எடுத்தார்கள், வயது இருபத்தைந்து இருக்கலாம், பச்சை நிறச் சேலை, அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான். என் பங்கு சுவிட்சுகளை எல்லோரும் அள்ளிக்கொண்டாயிற்று. நான்கு வரியை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டால், அள்ளியதைத் திரும்பக் கொட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். அதைவிட, அவர்கள் முகம் சப்பென்று போவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பேப்பரை மடிக்காமல் மேலே படித்தேன். இல்லாததைப் படித்தேன். சினிமாவுக்குப் போகலாம் என்று அவன் கூப்பிட்டதும் அந்தப் பச்சைச் சேலைக்காரி சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினாளாம். வழியில் நிறுத்தி மல்லிகைப்பூ வாங்கித் தரச் சொன்னாளாம். தானே குனிந்து தலையில் வைத்துவிடச் சொன்னாளாம். எங்கிருந்து வந்தது இதெல்லாம் என்று தெரியவில்லை. தடங்கலே இல்லாமல் வந்தது. பெயர் இல்லாத பிணம்தானே, யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

மேஜை முழுக்க உச்சுக் கொட்டியது. ஆனால் அந்த உச்சில் இரக்கம் இல்லை. இன்று யோசித்தால் அதில் ஒரு நிம்மதி இருந்தது. செத்தவள் கெட்டவள் என்று தெரிந்துவிட்டால், கேட்கிறவளுக்கு அந்தச் சாவு இல்லை என்று ஆகிவிடுகிறது. நான் சிரிக்கமாட்டேன், பூக் கேட்கமாட்டேன், ஆகவே என்னை யாரும் கொல்லமாட்டார்கள். கொலைக் கதை கேட்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்குத்தான் உள்ளே ஓடுகிறது. கொலைகாரன் என்ன செய்தான் என்று கேட்பது போலத்தான் இருக்கும். உண்மையில் அவள் என்ன தப்புச் செய்தாள் என்றுதான் தேடுகிறார்கள். நான் அந்தத் தப்பைச் செய்து கொடுத்தேன். சத்தான உணவு பரிமாறியவள் மாதிரி பெருமையாக இருந்தேன்.

எண்ணி நான்காம் நாள் மேஜையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அயனம்பாக்கத்திலிருந்து வருகிற அக்கா ஒருத்தி. அதிகம் பேசாதவள், எனக்கு நேர் எதிரே உட்காருவாள். மதியத்துக்குள் சேதி வந்துவிட்டது. பச்சைச் சேலைக்காரி அவளுடைய தங்கை.

தங்கையைப் பூந்தமல்லியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, இரண்டு வயதுப் பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். கோபம் தணியட்டும் என்று புருஷன் மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டான். தங்கை புருஷன் வீட்டில் இருக்கிறாள் என்று அக்கா நினைத்திருந்தாள். ஒருவழியாக அவன் மனைவியைக் கூப்பிட அயனம்பாக்கம் வந்தபோதுதான் அவள் அங்கே வந்து சேரவே இல்லை என்று தெரிந்தது. போலீஸில் சேலையைக் காட்டியதும் அக்கா அடையாளம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பேப்பரில் கொலைகாரன் சொன்னதும் வந்துவிட்டது. எஸ்டேட்டில் கம்பெனி வேலை வாங்கித் தருகிறேன், மேஸ்திரியைத் தெரியும் என்று சொல்லித்தான் அவளைச் சைக்கிளில் ஏற்றினானாம். அதை நான் மேஜையில் படிக்கவில்லை. கழிவறையில் நின்றுகொண்டு தனியாகப் படித்தேன்.

அதோடு போகவில்லை. எங்கள் மேஜைப் பெண்கள் எட்டுத் திசையிலிருந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்கள். சினிமாவும் மல்லிகைப்பூவும் ஏற்கனவே பூந்தமல்லி போய்ச் சேர்ந்திருந்தன. பேப்பரிலேயே போட்டுவிட்டான் என்று சொல்லித்தான் போய்ச் சேர்ந்தன. புருஷன் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. மாமியார், இந்தக் குழந்தை எங்கள் ரத்தம்தான் என்று என்ன நிச்சயம், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அயனம்பாக்கத்தில் அக்காவுக்கு ஏற்கனவே நான்கு குழந்தைகள், ஒற்றை அறை. அக்காவின் புருஷனும், அவங்க வாரிசை அவங்களே வெச்சிக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தான். குழந்தை யாருக்கும் வேண்டாததாக நடுவில் நின்றது. நான் சொன்ன மூன்று வரியால்.

வெள்ளிக்கிழமை மேஜையில் எழுந்து நின்று சொன்னேன். சினிமா, பூ எல்லாம் பேப்பரில் இல்லை, நான் இட்டுக்கட்டியது, வேலைக்கென்று நம்பித்தான் போயிருக்கிறாள் என்றேன். செருப்பால் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்தாபுதுப்பேட்டை அக்கா சுவிட்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஐய, இத்த சொல்லவா எழுந்து நின்னே? பொய்யோ நெஜமோ, நீ படிச்சது நல்லா இருந்திச்சி. குந்து. இன்னிக்கு இன்னா போட்டுக்கீறான்?"

நான்கைந்து பேர் சிரித்தார்கள். யாரோ என் தட்டிலிருந்து அள்ளினார்கள். நான் அதைப் பிடுங்கித் திரும்பப் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க ஸ்க்ரூ முடுக்கினேன். அவர்கள் மேல் வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது? வாந்தி எடுத்த இடத்தைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தவள் நான்தான் என்பதால் ஈக்களை விரட்டவும் எனக்கு வாய் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அயனம்பாக்கம் போனேன். ஏரியிலிருந்து தண்ணீர்க்குடத்தோடு வந்துகொண்டிருந்தாள் அக்கா. வழியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் குடத்தை இறக்கவே இல்லை.

"நாளிக்கு பேப்பர எடுத்துகினு எங்கூட வா. அவங்க ஊட்ல வந்து சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி. நாங்கள் போய் வாசலில் நின்றதும் தெருவே கூடிவிட்டது. கொலையானவளின் அக்கா வந்திருக்கிறாள் என்றால் சும்மா இருப்பார்களா. மாமியார் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பவும் இல்லை. பக்கத்தில் தையற்கடை வைத்திருந்த ஒரு பாயைக் கூப்பிட்டு, நான் கொண்டுபோயிருந்த இரண்டு நாள் பேப்பரையும் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனதுக்குள் படித்தார்.

"சினிமாவும் இல்ல, பூவும் இல்லம்மா. வேலைக்குன்னு சொல்லித்தான் கூட்டிகினு போயிக்கீறான். பாவம், பொயப்பு தேடிப் போன பொண்ணு" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"சரி பாய், கூட்டிகினு போயி இன்னா பண்ணானாம்? அத்தயும் படியேன்."

இன்னும் இரண்டு பேர் முன்னால் நகர்ந்து வந்தார்கள். ஒருத்தி இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வசதியாக நின்றாள். செத்தவளின் அக்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறாள். பாய் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் கடைக்குப் போனார். அந்தத் தெருவிலேயே மனுஷன் என்று அவர் ஒருவர்தான்.

புருஷன் உள்ளேயிருந்து வந்தான். அழுத கண்தான். அதை மறைக்க முடியவில்லை.

"பேப்பர்ல இல்லேன்னா இன்னா? நாலு பேரு பேசிட்டாங்க. இனிமே இந்தக் கொயந்தய வெச்சிகினு நான் தெருவுல நடக்க முடியாது" என்றான்.

அவன் அம்மா குழந்தையைத் தூக்கிவந்து அக்காவின் கையில் திணித்தாள். கூடவே ஒரு துணிப்பை. அதில் இரண்டு கவுனும் ஒரு பால் டம்ளரும் இருந்தன. உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பிப் போயிருந்தேன். பொய்க்கு இருந்த கால் உண்மைக்கு இல்லை.

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். குழந்தை அக்காவின் தோளில் தூங்கிவிட்டது. வீட்டில் புருஷனிடம் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிடுக்கா. என்னாலதான் எல்லாம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ படிச்சன்னிக்கு நானும் எதிர்லதான குந்திகினு இருந்தேன். பச்சை சேலைன்னியே, அந்த சேலைய நாந்தான் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்தேன். ஞாபகமே வர்ல எனக்கு. கதை கேட்டுகினு இருந்தேன்." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "இப்டி இளிச்சிகினு போற முண்டைக்கு இது வேணும்னு ஒருத்தி சொன்னா பாரு, நீ பேப்பரயே பாத்துகினு இருந்தே, ஒனக்குத் தெர்யாது. சொன்னது நாந்தான்."