ஹில்டா அன்ரியின் கடதாசிப் பை

குளிர் தொடங்கி முதன்முதலாக ஹீட்டர் போடும் நாளில், தரையில் பதித்த இரும்புக் கிராதி வழியாகக் கீழ் வீட்டின் வாசம் எங்கள் வீட்டுக்குள் மெல்ல ஏறிவரும். கருகிய தூசி, கோழிக் கொழுப்பில் சிவக்கிற வெங்காயம், அதற்கும் அடியில் பழைய கம்பளிக் கோட்டுகளின் பூச்சி உருண்டை நெடி. அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு மரவீட்டின் மேல்தட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், கீழ்த்தட்டில் ஹில்டா அன்ரி தனியாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கிராதிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தால் அவருடைய ரேடியோவும் இருமலும் ஏதோ தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும், நான் அப்படியே கண்ணயர்ந்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் "கடதாசிப் பை" என்றால் ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிப் பத்திரம், அப்பாவின் அடையாள அட்டை எல்லாம் பொலித்தீனில் சுற்றிய துணிப்பை. யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு ஓடும்போதெல்லாம் அம்மா அதைப் பாவாடை நாடாவோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார். "சோறு எங்கயும் கிடைக்கும், உது கிடைக்காது" என்பார். அமெரிக்கா வந்த பிறகும் அது கட்டிலுக்கடியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலம், அப்பா பெற்றோல் செட்டில் பகலெல்லாம் நின்று கார்களுக்குப் பெற்றோல் அடித்துவிட்டு வந்தால், முதலில் கேட்பது "கடிதம் ஏதும் வந்ததோ?" என்றுதான்.

ஹில்டா அன்ரியிடமும் அப்படி ஒரு பை இருந்தது என்பது தற்செயலாகத் தெரியவந்தது. அம்மா கொண்டுபோன தோசையைத் தின்றுகொண்டே, அவர் அலமாரியிலிருந்து ஒரு தோல் பையை எடுத்து மேசையில் விரித்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் குறைவு, அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் வாய். உலக யுத்த காலத்தில் புடாபெஸ்ட்டில் சின்னப் பிள்ளையாக இருந்தவர் அவர். யூதப் பெயரோடு வெளியே போனால் உயிர் இல்லை என்பதால், துணி வெளுக்க வருகிற ஒரு பெண் தன் மகளின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறாள். அதில் இருந்த பெயர் மரியா. ஹில்டாவின் சொந்தப் பிறப்புச் சான்றிதழைத் தாய் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டு, "மரியா என்றால் திரும்பு, ஹில்டா என்றால் கல்லாய் நில்" என்று சொல்லிக் கொடுத்தாராம். தாயும் ஹில்டாவும் அவருடைய தம்பியும் பிழைத்தார்கள். தையலைப் பிரித்து எடுத்த கடதாசியின் ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அம்மா அந்தத் துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேலே போய், எங்கள் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அன்று நான் மொழிபெயர்க்க எதுவுமே இருக்கவில்லை.

அந்த வருஷம் அன்ரிக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை என்றானது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தோல் பையை அம்மாவிடம் கொடுத்தார். "என் மகன் டானியல் தங்கமான பிள்ளை, ஆனால் கார்ச் சாவியையே தொலைப்பான்" என்றார். யூதர்களுடைய பெரிய உபவாச நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, எங்கள் நவராத்திரியும் முடியும் தறுவாயில். "ஒரே பிறைதான், பார்" என்று அம்மா வியந்துகொண்டார்.

அந்த வியப்பில்தான் அம்மா அதைச் செய்திருக்க வேண்டும். சரஸ்வதி பூசையன்று கும்பத்தின் முன்னால் என் பள்ளிப் புத்தகங்களை அடுக்கிவிட்டு, எங்கள் கடதாசிகளையும் அன்ரியின் கடதாசிகளையும் ஒரே சிவப்புப் பட்டுத் துண்டில் முடிந்து, பூப்போட்டு வைத்துவிட்டார். வைத்ததை விஜயதசமி காலையில்தான் தொடலாம். அடுத்த கிழமை எங்கள் அகதி வழக்கின் ஹியரிங்.

அன்று பின்னேரம் ரெலிபோன் அடித்தது. டானியல். தன் அம்மா குழம்பிப் போயிருக்கிறார், நர்ஸ் பெயர் கேட்டால் மரியா என்கிறார், ஹில்டா என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், யாரையும் கிட்ட விடுகிறார் இல்லை, விடிந்தால் ஒப்பரேஷன், அந்தக் கடதாசிகளைக் கொண்டுவர முடியுமா என்று அழுவாரைப்போலக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளிறியது.

"நாளைக்குக் காலமை குடுக்கலாம்" என்றார் அப்பா. "வழக்கை வைச்சுக்கொண்டு பூசையைக் குழப்பாதை."

"காலமை அவவைக் கத்தி வைக்கக் கொண்டுபோயிடுவாங்கள்" என்றார் அம்மா.

"அப்ப எங்களைத் திருப்பி அனுப்பினா?"

விமானத்தில் எங்களை ஏற்றுவதுபோல எனக்கு அப்போதே தெரிந்தது. அம்மா கும்பத்தின் முன் நின்று, "நீ வாசிக்கத் தெரிஞ்சவள், உனக்கு விளங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினார். முடிச்சை அவிழ்த்தால்தான் குற்றம், முடிச்சோடு போனால் பூசையும் கூடவே வரும் என்பது அவர் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்த சாத்திரம்.

"அப்ப சரஸ்வதியையும் காரில ஏத்து, பின்சீற் காலிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்ரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மூட்டையை அவர் மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடிச்சை அன்ரியே அவிழ்த்தார். செவ்வந்தி இதழ்கள் வெள்ளைப் போர்வையில் உதிர்ந்தன. மரியாவின் சான்றிதழை எடுத்து ஓரமாக வைத்தார். ஊசித் துளைக் கடதாசியையும் எடுத்தார், ஆனால் அதைப் பார்க்கப் பயந்தவர்போலக் கவிழ்த்து வைத்தார். பிறகு கைக்கு வந்தது சிங்களமும் தமிழுமாக இருந்த ஒன்று. மடிப்புகளில் கிழியத் தொடங்கிய என் பிறப்புச் சான்றிதழ்.

"இது யாருடையது?"

"என்னுடையது."

"பெயரைச் சொல்லு. பயப்படாதே."

"வதனி" என்றேன். மறுபடியும், சத்தமாகச் சொன்னேன்.

அவர் கவிழ்த்து வைத்த தன் கடதாசியை நிமிர்த்தினார். "நான் ஹில்டா" என்றார், நர்ஸைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. டானியல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹில்டா அன்ரி நலமாகி வீடு வந்து, இன்னும் இரண்டு குளிர்காலம் உயிரோடு இருந்தார். எங்கள் ஹியரிங்கைத் தள்ளிப்போட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். அடுத்த வசந்தத்தில் தங்கியிருக்க அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அம்மா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தேன்.

அன்ரியின் கடதாசிகளை டானியல் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். போய்ப் பார்க்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டே இருந்து, போன மாதம்தான் விண்ணப்பம் எடுத்தேன். படிப்பைப் பாதியில் விட்டவள் நான், படிவம் என்றாலே கை வியர்த்துவிடும். பார்க்க வருபவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் கேட்டது. சிநேகிதி என்றால் பொய்யாகிவிடுமோ, ஒன்றுமில்லை என்றால் விடமாட்டார்களோ என்று எழுதி அழித்து எழுதினேன். கடைசியில் "மேல் வீட்டுப் பிள்ளை" என்று இங்கிலீஷில் நிரப்பி அனுப்பினேன். அந்த வீட்டை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள், இப்போது அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை.

வரலாம் என்று பதில் வந்திருக்கிறது.