காய்ந்த மணலில் ஒரு கபரின் ஆழம்

1. சுந்தர் படித்துச் சொன்னது

“முழங்கால் ஆழந்தாம்மா காட்டுது” என்று சுந்தர் சொன்ன மாத்திரத்தில் அந்த அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சுந்தர் என் உதவியாளன், கெட்டவன் அல்ல. அவர் கேட்டார், இவன் காகிதத்தின் ஓரத்தில் இருந்த அளவைப் படித்துச் சொன்னான். தரைக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ரேடாரை இழுத்துக்கொண்டு அலைந்தே என் பணிக்காலம் போனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் கடலை ஒட்டிய பக்கம், ஒரு பள்ளிவாசலுக்குச் சொந்தமான மனை. பாதியில் இறந்தவர்களை அடக்கும் கபர்ஸ்தான், மறுபாதி காலி. காலிப் பாதிக்கு அடியில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் அஸ்திவாரம் இருக்கலாம் என்று ஒரு தொல்லியல் குழு நினைத்தது. அந்தப் பக்கம் கபர் எதுவும் கிடையாது என்று சொல்லிப் பள்ளிவாசல் கமிட்டியும் அனுமதி கொடுத்துவிட்டது. ரேடார் ஓட்டிச் சுவர் எங்கே என்று காட்டுவது எங்கள் வேலை. அதை வைத்து அவர்கள் ட்ரெஞ்ச் என்கிற ஆய்வுக்குழியை வெட்டுவார்கள்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தரையோடு தரையாகக் கயிறு கட்டி இழுக்கிற ஒரு பெட்டி, அதுதான் ஆன்டெனா. அதிலிருந்து ஒரு தடித்த கேபிள், கேபிளின் மறுமுனையில் கன்ட்ரோல் யூனிட், பக்கத்தில் கார் பேட்டரி. பெட்டி நகர நகர, யூனிட்டிலிருந்து சாம்பல் நிறப் பட்டைகளோடு காகிதம் வெளியே வரும். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் காலையிலேயே கேட்டுவிட்டார். “இன்னா மேடம், தரைக்கு இஸ்திரி போட்டுக்கினு கீறீங்களா?”

இரண்டாம் நாள் காலையில் கதீஜாம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது. பக்கத்துச் சந்தில் வீடு, வீட்டிலேயே புடவைக்குச் சம்கி தைக்கிற வேலை. நேரே என்னிடம்தான் வந்தார். அந்த இடத்தில் நான் ஒருத்திதான் பெண்.

“மேடம், அந்த மூலையில தோண்டாதீங்க. எங் கொயந்த அங்கதான் கீது.”

முதல் பிள்ளை, பிறந்து சில நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டதாம். கணவரும் அவர் தம்பியும் தூக்கிக்கொண்டு வந்து அடக்கியிருக்கிறார்கள். சுவரோரம், பூவரச மரத்துக்கு நேராக என்று கணவர் சொன்னது மட்டும்தான் இவருக்குத் தெரியும். அடக்கம் செய்யும்போது அவர்கள் வீட்டுப் பெண்கள் கூடப் போவது வழக்கமில்லை. கபரின் தலைமாட்டில் நடுகிற மீஸான் கல் எதுவும் வைக்கவில்லை. மரத்தையும் பிறகு வெட்டிவிட்டார்கள், அடிக்கட்டை மட்டும் இருந்தது.

குழுத் தலைவரிடம் அழைத்துப் போனேன். மனுஷர் கறார், ஆனால் நியாயமானவர். “அம்மா, கமிட்டி இல்லைங்குது, நீங்க இருக்குங்கறீங்க. ரேடார்ல கபர் மாதிரி ஏதாவது தெரிஞ்சா ட்ரெஞ்சை மாத்திடறேன். தெரியலேன்னா திங்கட்கிழமை வேலை ஆரம்பிச்சுடும்” என்றார்.

2. மூலையில் தெரிந்தது

சுவரைத் தேடும்போது ஆன்டெனாவை இழுக்கிற கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டால் போதும். பச்சைக் குழந்தையின் கபரைத் தேட அது உதவாது, இரண்டு கோட்டுக்கு நடுவில் முழுசாக நழுவிவிடும். அந்த மூலையில் மட்டும் ஒரு சாண் இடைவெளியில் சணல் கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றோரமாகவும் ஆன்டெனாவை இழுத்தோம். மதியத்துக்குள் எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

கடற்கரை மணல் பாய் பாயாகப் படிந்திருக்கும். காகிதத்தில் அது கிடைக்கோடுகளாகத் தெரியும். ஒரு முறை தோண்டி மூடிய இடத்தில் அந்தக் கோடுகள் அறுந்திருக்கும், எத்தனை வருடமானாலும் மறுபடி ஒட்டாது. அடிக்கட்டைக்கு நேராக, சுவரோரம், அடுத்தடுத்த சில காகிதங்களில் அப்படி ஒரு அறுப்பு இருந்தது. அளவு சின்னது. வடக்கு தெற்காக நீண்டிருந்தது, மறுபாதியில் இருந்த கபர்களைப் போலவே.

கதீஜாம்மா கயிற்றுக்கு வெளியே நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிறதா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“எவ்ளோ ஆழத்துல கீது தம்பி?”

சுந்தர் படித்துச் சொன்னது அப்போதுதான்.

உட்கார்ந்தவர் அழவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கு அன்னிக்கே தெரியும். பக்கத்து வூட்ல சோத்துக்கு ஒலை வெச்சாங்க. அது கொதிக்கறதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு. அதுக்குள்ள இன்னாத்த தோண்டியிருப்பாரு? மறுவாரம் இந்தப் பக்கம் நாய்ங்க சண்ட போட்டுச்சு. ராவெல்லாம் காதப் பொத்திக்கினு படுத்துக் கெடந்தேன்.”

அதற்குள் தலைவர் வந்து காகிதத்தைப் பார்த்தார். “முழங்கால் ஆழம்னா கபரா இருக்காது. இடுப்பளவாவது தோண்டுவாங்க. யாரோ குப்பை புதைச்ச குழி” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்குப்படி திங்கட்கிழமை மண்வெட்டி அங்கேதான் இறங்கும்.

3. ஒரு கடப்பாரை

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். சுந்தரை ஓரமாகக் கூப்பிட்டு, “வெலாசிட்டி என்ன போட்டிருக்கே?” என்று கேட்டேன். அவன் யூனிட்டைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. போன வேலை தஞ்சாவூர்ப் பக்கம், ஈரக் களிமண். அந்த மண்ணுக்குப் போட்ட வேகம் அப்படியே இருந்தது.

ரேடாருக்கு ஆழம் தெரியாது. அலை உள்ளே போய்த் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டும்தான் தெரியும். ஈரக் களிமண்ணில் அலை மெதுவாகப் போகும், காய்ந்த மணலில் வேகமாகப் போகும். எந்த மண் என்று நாம் சொல்வதை அது அப்படியே நம்பி, நேரத்தை ஆழமாக மாற்றிக் காகிதத்தின் ஓரத்தில் போட்டுவிடும். களிமண் என்று சொல்லி மணலில் இழுத்தால் ஆழம் குறைவாகத்தான் வரும்.

எவ்வளவு குறைவு என்பதை வாயால் சொன்னால் தலைவர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூலையிலிருந்து நன்றாகத் தள்ளி, கோடுகள் அறாத சுத்தமான மணலில் ஒரு குழி தோண்டுவோம். தெரிந்த ஓர் ஆழத்தில் அதன் பக்கச் சுவருக்குள் ஒரு கடப்பாரையைப் படுக்கவாட்டில் அடித்துச் செருகுவோம். மேலே ஆன்டெனாவை இழுத்தால் கடப்பாரை கவிழ்த்த கிண்ணம் மாதிரி காகிதத்தில் விழும். ஆழம் நமக்குத் தெரியும், நேரம் கருவிக்குத் தெரியும், இரண்டையும் வைத்து அந்த மண்ணின் வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். தலைவர் பக்கத்திலேயே நின்றார். கதீஜாம்மாவும் மெல்ல எழுந்து வந்து குழியோரம் நின்றார். மணல், அதுவும் சின்னக் குழி. ஒருவர் வெட்ட, மற்றவர் அள்ளிப் போட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு இறங்கிவிட்டது.

“அதுக்குள்ளயா?” என்றார் கதீஜாம்மா.

“மணலுதானேம்மா. ரெண்டு ஆளு இருந்தா இன்னா நேரம் ஆவப்போவுது?” என்று உள்ளே நின்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

கதீஜாம்மா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடப்பாரையைச் செருகி மேலே இழுத்தோம். இடுப்பளவில் இருந்த கடப்பாரையை யூனிட் முழங்கால் அளவில் காட்டியது. புதிய வேகத்தைப் போட்டு மூலையை மறுபடி இழுத்தோம். அறுந்த கோடுகளின் அடிமட்டம் இடுப்பளவுக்கு இறங்கியது. தலைவர் இரண்டு காகிதங்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு போய், மூலையில் தானே அடித்திருந்த ட்ரெஞ்ச் முளைக்குச்சிகளைத் தன் கையாலேயே பிடுங்கினார். அந்த மூலையை யாரும் தோண்டவில்லை.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். கடப்பாரையைச் செருகிப் பார்க்கும்வரை காகிதத்தின் ஓரத்தில் இருப்பது ஆழம் அல்ல, வெறும் எண். பக்கத்தில் யார் நின்று கேட்டாலும், “இன்னும் தெரியாது” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

கதீஜாம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கருவிக்கு எலும்பு தெரியாது, பிள்ளை தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. “நீங்க சொன்ன இடத்துல ஒரு சின்னக் குழி வெட்டி மூடியிருக்காங்கம்மா. இடுப்பளவு ஆழம். அடிவரைக்கும் ஒரே சீரா இருக்கு, மறுபடி யாரும் எதுவும் கிளறின அடையாளம் இல்ல.”

“நாய் தோண்டியிருந்தா தெரியுமா?”

“தெரியும். தோண்டல.”

முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, மூலையைப் பார்த்துக் கையேந்தி துஆ செய்தார். நான் தள்ளி நின்றேன். முடித்துவிட்டுத் திரும்பியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

“எங்க வூட்டுக்காரரு கண்ண மூடி, மவுத்தாயி ரெண்டு வருசம் ஆவுது மேடம். அந்தக் கொயந்தைக்கு அப்புறம் நாலு புள்ள பெத்தேன் அவருக்கு. எல்லாத்தயும் ஒழுங்காத்தான் வளத்தாரு. ஆனா ஒரு நாளாச்சும் நான் அவர்கிட்ட மனசு வுட்டு சிரிச்சதில்ல. ஏன்னு அவருக்கும் தெரியாது.” குழியில் நின்றிருந்த ஆளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். “ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு.”