புத்தகத்துக்குள் சாப்பாடு தேடிய ஜமீலாக்கா

விழுப்புரம் தபால் நிலையத்தில் பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், வீடுவரை பொறுக்க முடியாமல் படியோரம் நின்றே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சிறுவர்களுக்கான வரலாற்று நூல்கள். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு ராஜா குதிரைமேல் வாளை உயர்த்தியபடி இருந்தார். இதைப் பார்த்தால் ஜமீலாக்கா என்ன சொல்வார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. எங்கள் புத்தகத் தேர்வுக் குழுவின் கலியமூர்த்தி. அவர் வாய் திறக்குமுன் நானே, "இன்னொரு குதிரை வந்திருக்குது சார், அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.  "வசந்தாம்மா, அக்கா காலையில தவறிட்டாங்க. அவுங்க ஊரு கோட்டக்குப்பத்துக்கு எடுத்துக்கினு போறாங்க. நீங்க நேரா அங்க வந்துடுங்க" என்றார்.

பார்சலோடுதான் போனேன். அதை எங்காவது வைத்துவிட்டுப் போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை. பெண்கள் கூடியிருந்த உள்ளறையில் அக்காவின் தங்கை நூர்ஜகான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். என் மடியில் இருந்த கட்டைப் பார்த்தார். "இன்னா இது?" என்றார். "பொஸ்தகம்" என்றேன். "அவ மௌத்துக்கும் பொஸ்தகத்தத் தூக்கிக்கினுதான் வந்தியா நீ?" என்று கேட்டுவிட்டு, அழுத முகத்தோடே சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு எல்லோருமாக அழுதோம். அக்காவை அறிந்த நீங்கள் யாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜமீலாக்கா திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நான் விழுப்புரத்தில் தமிழாசிரியை. கலியமூர்த்தி அச்சகம் வைத்திருந்தவர். பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கித் தரும் ஓர் அறக்கட்டளை, சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்குமான வரலாற்று நூல்களைப் படித்துத் தேர்ந்தெடுத்துத் தரும்படி எங்கள் மூவரையும் கேட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அக்கா வீட்டில் கூடுவோம். நான் ரயிலேறிப் போவேன்.

முதல் கூட்டத்தில் நான் என் வழக்கப்படி சந்திப்பிழைகளைச் சுழித்து வைத்திருந்தேன். கலியமூர்த்தி புத்தகத்தை இரண்டு பக்கமும் மடக்கி, முதுகைப் பிளந்து, தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு புள்ளைங்க கைக்குப் போனா கழண்டுக்கும்" என்பது அவர் தீர்ப்பு. அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி. இந்தப் பொஸ்தகத்துல யாராச்சும் சாப்புட்றாங்களா?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"இத்தினி ராஜா, இத்தினி சண்ட. ஒருத்தராச்சும் ஒரு வாய் சோறு சாப்புட்றாங்களா பாருங்க. நெல்லு யாரு வெதச்சா, யாரு குத்துனா, யாரு பொங்கிப் போட்டா, ஒண்ணும் இல்ல. மொதப் பக்கத்துலேந்து கடசிப் பக்கம் வரைக்கும் பட்டினி. பத்து வயசுப் புள்ள இத எப்படிப் படிக்கும்?"

நாங்கள் மும்முரமாகப் பக்கங்களைப் புரட்டினோம். ஓரிடத்தில் அரண்மனை விருந்து ஒன்று அகப்பட்டது. வெற்றிக்களிப்போடு நீட்டினேன். அக்கா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ராஜாவுக்கு மட்டுந்தான எல போட்டிருக்குது" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் அக்கா வேடிக்கைக்காக அதைக் கேட்கவில்லை. "சாப்பாடு வந்துச்சுன்னா சனங்க வந்துடுவாங்க. சனங்க வந்துட்டா அது வரலாறு" என்றார். அதன்பிறகு நானும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் சோற்றைத்தான் தேடுகிறேன்.

சிவநேசன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து எழுதும் இளைஞர். பல்லவர்களைப் பற்றி வழவழப்பான தாளில், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படங்களோடு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் பனமலைக் கோயில் மேகத்தைத் துளைத்துக்கொண்டு நின்றது. கலியமூர்த்திக்குத் தையல் பிடித்துப்போனது. எனக்குத் தமிழும் பிடித்தது. அக்கா மட்டும் வேண்டாம் என்றார். பேசிப் பேசி எங்களையும் வேண்டாம் என்று சொல்ல வைத்தார். அடுத்த கூட்டத்தன்று சிவநேசன் நேராகத் திண்டிவனத்துக்கே வந்து வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு வருஷ உழைப்பு மேடம். தப்பு எங்கன்னு காட்டுங்க. சும்மா வேணாம்னு எழுதி அனுப்பிட்டா எப்படி?"

"காட்டுறேன். மொதல்ல உள்ள வாங்க, சாப்புடுங்க. கோவத்தோட இடியாப்பம் சாப்புட்டா எறங்காது, மெதுவா சாப்புடுங்க" என்று இலையைப் போட்டு, அவர்கள் வீட்டில் ஆணம் என்று சொல்லும் கறிக்குழம்பை ஊற்றினார் அக்கா. சிவநேசன் சாப்பிட்டு முடிக்கும்வரை புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "பனமலைக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். போட்டோவுல பார்த்திருக்கேன்."

"போலாம் வாங்க."

ஒரு வேன் பிடித்துப் போனோம். அக்காவின் பழைய பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புப் பெண்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். அது சின்னக் குன்று. பேசிக்கொண்டே ஏறிவிடலாம். மேலே போனதும் ஏரியும் வயல்களும் கண்ணெட்டும் தூரம் கிடந்தன. பெண்கள் சிவநேசனைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்தக் கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள்? ஏரி முன்னால் வந்ததா, கோயில் முன்னால் வந்ததா? சுவரில் மிச்சமிருக்கும் அம்மன் ஓவியத்துக்கு வண்ணம் எதிலிருந்து எடுத்தார்கள்? வரைந்தவர் இந்த ஊர்க்காரரா? முதல் கேள்விகளை அவர் சமாளித்தார். பிறகு பாறைமேல் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, கேள்விகளை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். இறங்கும்போது அக்காவிடம், "நான் போட்டோவப் பார்த்து எழுதியிருக்கேன் மேடம். இத நான் பார்க்கவேயில்ல" என்றார். அக்கா அவர் தோளில் தட்டி, "இப்ப பாத்துட்டீங்க இல்ல, ஜல்தியா எழுதுங்க" என்றார். திருத்திய பதிப்பு வந்தபோது மூவரும் ஒரே குரலில் எடுத்துக்கொண்டோம். அதில் கல் சுமப்பவர்கள் உட்கார்ந்து கூழ் குடிக்கும் படம் ஒன்று இருக்கிறது.

சிரிக்க முடியாத ஒரு புத்தகமும் வந்தது. பழைய படையெடுப்புகளைச் சொல்கிறேன் என்று, அக்காவின் சமூகத்து மக்களை இந்த மண்ணுக்கே வேண்டாதவர்களாகக் காட்டிய புத்தகம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே விறுவிறுப்பாக எழுதப்பட்டிருந்தது. நன்கொடை தருபவர் ஒருவருக்கு வேண்டியவர் எழுதியது என்பதால் அறக்கட்டளையும் நாங்கள் அதைத் தேர்ந்தெடுப்போம் என்று எதிர்பார்த்தது. நான் கொதித்துப்போய், "இத நாங்க தொடவே மாட்டோம்க்கா" என்றேன். அக்கா என்னைத் தடுத்தார்.

"எனக்கு வலிக்குதுன்னு தள்ளாத வசந்தா. வலிக்கிற உண்மையா இருந்தா அதையும் புள்ளைங்க படிக்கணும். உண்மையான்னு மட்டும் பாரு."

ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். பிறகு விழுப்புரத்தில் அறக்கட்டளை அலுவலகத்துக்கு மூவரும் போனோம். பொறுப்பாளரிடம் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார் அக்கா. அவர் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் நின்றுவிட்டார். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"படிங்க சார். நான் அழ மாட்டேன்" என்றார் அக்கா. அவர் படித்து முடித்தார். "இது எழுதுனவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பொஸ்தகத்துல எங்கியாச்சும் போட்டிருக்குதா, பாருங்க. ஒரு கல்வெட்டு, ஒரு ஓலை, ஒரு பழைய பொஸ்தகம், எதுனா?" பொறுப்பாளர் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ஒன்றும் இல்லை. "இதையே ஆதாரத்தோட கொண்டாரட்டும், நான் எடுத்துக்குறேன். இல்லன்னா எங்க மூணு பேரையும் இந்த வேலையிலேந்து விட்டுடுங்க" என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். கலியமூர்த்தி அதற்குள் எழுந்தே நின்றுவிட்டார். பொறுப்பாளர் புத்தகத்தை மூடித் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். அது எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையம் வந்தோம். இறங்கியதும் அக்கா, "பேஜாரா இருக்குது வசந்தா. ஒரு டீ குடிக்கலாமா?" என்றார். அவர் தளர்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பாதி டீயில் முகம் மாறியது. "தள்ளிக்கினே இருந்தா எப்படி? நல்லதா ஒண்ணு யாராச்சும் எழுதணும் இல்ல?" என்றார்.

சில மாதங்கள் கழித்து, யாரோ அனுப்பியதாக ஒரு கையெழுத்துப் பிரதியை எங்கள் முன் வைத்தார். பெயர் இல்லை. கடல் கடந்து வந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நம் மாவட்டத்துப் பயிரான வரலாறு. படித்தோம். நான், "பாடப்புத்தக வாடை அடிக்குது" என்றேன். கலியமூர்த்தி, "ரெண்டாவது பக்கத்துலயே தூங்கிட்டேன்" என்றார். அக்காவும் தலையாட்டி, "எனக்கும் புடிக்கல. வேணாம்னு எழுதிடுவோம்" என்றார். எழுதி முடித்தபின், "சரி, எழுதுனவங்ககிட்ட நேர்லயே சொல்லிட்டீங்க, தபால் செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கலியமூர்த்தி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வரவே கூச்சப்பட்டார்.

அக்கா அதை முழுக்க அழித்து எழுதினார். இரண்டாம் பிரதியைத் திண்டிவனத்தில் ரயிலேறியதும் படிக்க எடுத்தேன். விழுப்புரத்தில் வண்டி நெடுநேரம் நிற்கும். அப்படியும் நான் இறங்கவில்லை. அதையும் தாண்டிப் பண்ருட்டியில்தான் தலை நிமிர்ந்தேன்.

அச்சுக்குப் போகுமுன் ஓமந்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். நானும் கூட இருந்தேன். மூட்டைகள் வண்டியேறித் துறைமுகம் போகும் இடத்தில் ஒரு பெண், "மிஸ், மூட்ட தூக்குனவங்க பேரு இன்னா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அவுங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சுங்களா?" என்றாள். அக்கா யோசித்தார். பிறகு முகமெல்லாம் மலர, "தெரியலடி. எனக்குத் தெரியவே தெரியல!" என்றார். பரிசு விழுந்ததுபோல அதைச் சொன்னார். கேள்விகளை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டார். புத்தகத்தின் கடைசியில் 'இன்னும் தெரியாதவை' என்று தலைப்பிட்டு, கேட்ட பிள்ளைகளின் பெயர்களோடு அவற்றை அச்சிட்டார். அந்தப் புத்தகம் எங்கள் குழுவுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, தான் இருக்கக்கூடாது என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் முடிவெடுத்துக் கதவைத் தட்டியபோது, கையில் கரண்டியோடு வந்து, "தையல் நல்லா இருக்குதா சார்?" என்றுதான் கலியமூர்த்தியிடம் முதலில் கேட்டார்.

அவர் போய் இரண்டு வாரம் கழித்து, என் எட்டாம் வகுப்பில் அந்தப் புத்தகத்தை வாசித்தோம். மல்லாட்டை வருவதற்கு முன்னால் நம் ஊர்ச் சந்தையில் சும்மா சுற்றுகிறவர்கள் எதைக் கொறித்துக்கொண்டு சுற்றியிருப்பார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். இத்தனை வருட ஆசிரியப் பழக்கத்தில், அது பாடத்தில் இல்லை, உட்கார் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். சொன்னவுடன் எனக்கே சிரிப்பு வந்தது. வகுப்பு கலகலத்துப்போனது. கடலைப்பருப்பு என்றாள் ஒருத்தி, பொரி என்றாள் இன்னொருத்தி, எள்ளுருண்டை என்று பின்பெஞ்சு முழுக்கக் கத்தியது. எங்கே தேடினால் தெரியும் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜமீலாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பிள்ளைகள் முன்னால் நின்று, தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வாய்.