கேள்வித்தாளில் இருக்கிற ஊர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். கோர்ட்டில் ஆறு நாளும் அதை அடக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கொட்டிவிடுவேன். வகுப்பு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தர்மபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ். வாரமெல்லாம் கட்சிக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை காலனிப் பிள்ளைகள் உட்காருவார்கள். பெரிய பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர நாடு முழுக்க ஒரு நுழைவுத் தேர்வு நடக்கிறதே, அதற்கு அவர்களைத் தயார் செய்வேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் காலனிக்காரிதான். அப்படி ஒரு தேர்வு இருப்பதே நான் வக்கீலான பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த வயிற்றெரிச்சல்தான் இந்த வகுப்பு.

அந்த வருஷம் நாலு பேர் வந்தார்கள். எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை, ஊர் பெயர்தான். மொரப்பூர் என்று ஒரு பையன். வாய் ஓயாது. மாரண்டஹள்ளி என்று ஒரு பெண். அவள் பாலக்கோடு வழியாக பஸ் மாறி வந்து, நான் சாவி கொண்டுவருவதற்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

நால்வரில் எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. அவள் அப்பா தக்காளி லாரியில் லோடு ஏற்றப் போகிறவர். அவள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து அவருக்குக் கால் நசுங்கிப் போனது. ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்குமாக ஓடியதில் இவள் மார்க்கு சரிந்துவிட்டது. நம் ஊர் அரசு சட்டக் கல்லூரிகளில் ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். அந்த வாசல் அவளுக்கு அடைத்துப் போனது. மிச்சம் இருந்தது இந்த நுழைவுத் தேர்வு ஒன்றுதான். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார், "ஒரு வருசம் உடறேன். கெடச்சா படி. கெடைக்கலன்னா ஓசூர் கம்பெனி வேனு நம்ம தெருவுக்கே வருது, ஏறிக்க." அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் நிமிர்ந்து நடந்து சம்பாதிக்கிறவர் அவள் அம்மா ஒருவர்தான்.

இதில் இன்னொரு கொடுமை. அவர்கள் கத்தோலிக்கர்கள். என் குடும்பமும் அவள் குடும்பமும் ஒரே சாதி. ஊருக்குள் போனால் இரண்டு பேருக்கும் ஒரே மரியாதைதான், அதாவது மரியாதை இல்லை. ஆனால் நான் கோயிலுக்குப் போகிறவள், எனக்கு எஸ்.சி. சான்றிதழ். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு பி.சி. சான்றிதழ். அந்தப் பட்டியலில் அவளை முந்திக்கொண்டு நிற்கிறவர்கள் எத்தனை பேர்! டீக்கடைக்காரன் சாதி கேட்கும்போது மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்க்கிறானா என்று நான் பெஞ்சைத் தட்டிக் கத்தினேன். அவள் அமைதியாக, "உடுங்கக்கா, மார்க்குல புடிச்சிரலாம்" என்றாள்.

பிடிக்கிற ஆள்தான் அவள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள், இங்கிலீஷைத் தண்ணியாகக் குடிப்பாள். பொது அறிவு கேட்டால் பொரிந்து தள்ளுவாள். சட்டப் பகுதி வந்தால் மட்டும் தலைகுப்புற விழுவாள். சட்டம் எதுவும் தெரிந்திருக்க வேண்டிய பகுதியும் இல்லை அது. ஒரு பத்தியில் விதியைக் கொடுத்திருப்பார்கள். கீழே ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேள்வி கேட்பார்கள். பத்தியில் உள்ள விதியைச் சம்பவத்தில் பொருத்தி டிக் அடித்தால் போதும். அதில் அவளுக்கு வாராவாரம் பாதிக்கு மேல் தப்பு.

ஏன் என்று பிடிபடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். முதல் கேள்வி இதுதான். கடை வைத்திருப்பவர் சாதி பார்த்து வாடிக்கையாளரை வேறாக நடத்தினால் குற்றம் என்பது விதி. ஒரு டீக்கடையில் ஒரு சாதிக்காரர்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுக்கிறார்கள், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கடைக்காரர் குற்றவாளியா? அவள் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தாள்.

"ஏன்டி இல்லை?"

"பேப்பர் கப்புதான் சுத்தம்னு சொல்லிருவாருக்கா. அதுவுமில்லாம யாரு சாட்சி சொல்லுவா? எங்கூர்லயும் அப்பிடித்தான் குடுக்கறாங்க, எங்கம்மா அந்தக் கடைக்குத்தான் பால் ஊத்துது."

அடுத்த கேள்வி. பல காலமாக மக்கள் நடந்துவருகிற பாதையை நிலத்துக்காரர் அடைக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் முள்வேலி போட்டு அடைக்கிறார். பாதை திறக்கப்பட வேண்டுமா? 'வேண்டாம்' என்று போட்டிருந்தாள். "எங்கூர்ல கல்லறைக்குப் போற பாதைய அடச்சி நான் சின்னப்புள்ளையா இருக்கச்சொல்ல இருந்து கெடக்குது. அப்பா மனு குடுத்தாரு. ஊர்ல கூப்ட்டு மெரட்டி வாபஸ் வாங்க வெச்சிட்டாங்க. பொணத்த இன்னும் சுத்தித்தான் தூக்கிட்டுப் போறோம்."

இப்படியே ஒவ்வொன்றுக்கும். அவளுக்குக் கேள்வி புரியாமல் இல்லை. ஊர் புரிந்து தொலைந்திருக்கிறது, அதுதான் சங்கடம். மற்ற பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சம் இப்படி விழுவார்கள். இவளுடைய வீட்டில் எல்லாமே நடந்து முடிந்திருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம். "இது பரீட்சை தாயி, பஞ்சாயத்து இல்ல! உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் மறந்துடு. பத்தியில என்ன போட்டிருக்கோ அதை மட்டும் நம்பு. விளங்குதா?"

அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள், "அப்ப பொய்ய டிக் அடிக்கச் சொல்றீங்களாக்கா?"

"அடுத்த கேள்விக்குப் போ" என்று தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி காலியாகக் கிடந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இந்தப் பெண்ணை நானே வேனில் ஏற்றிவிட்டேனா என்று வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அப்பா காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா பால் கேன் கழுவிக்கொண்டிருந்தார். இவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பாதான் பேசினார், "வாங்க வக்கீலம்மா. அதுக்கு அந்தப் படிப்பு வேணாங்குதுங்க. கம்பெனில பேசியாச்சு, மாசம் பொறந்தா போவுது."

"வேணாம்னு ஏன் சொல்றாளாம்?"

"பொய் எழுதினாத்தான் மார்க்காம். இத நாங்க அப்பவே சொன்னோமுங்க, கோர்ட்டு கேசெல்லாம் பொய்தான்னு."

எனக்குச் சுருக்கென்றது. அது பொய் இல்லை, விதி அப்படித்தான் இருக்கிறது, பரீட்சையில் விதியைத்தான் கேட்கிறார்கள் என்று நான் அந்த டீக்கடைக் கேள்வியைச் சொல்லி விளக்க ஆரம்பித்தேன். அந்தக் கடைக்காரருக்குத் தண்டனை உண்டு என்பதுதான் சரியான பதில் என்றேன். பாதைக் கேள்வியையும் சொன்னேன், வேலியைப் பிரித்தே ஆக வேண்டும் என்றேன். அம்மா கேனை அப்படியே கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, அப்பிடி ஒரு ஊரு எங்க இருக்குது? சொல்லு, பொட்டி படுக்கையத் தூக்கினு நாங்க குடிபோறோம்."

உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. அவள்தான். அப்புறம் அப்பா சிரித்தார், கடைசியில் நானும் சிரித்தேன். சண்டை பிடிக்க வந்தவளுக்கு டீ வந்தது, கெட்டிப் பால் டீ. அவள் வகுப்புக்கு வருவாளா மாட்டாளா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, அந்த ஊருக்குப் பேரு வெச்சிட்டேன். பாசேஜ்ஹள்ளி. கேள்வில வர்ற பாசேஜ் இருக்குதுல்ல, அதுல இருக்கற ஊரு. அங்க புகார் குடுத்தா போலீசு வாங்கிக்குவாங்க. சாட்சிக்காரங்க பயப்பட மாட்டாங்க. மனுவ யாரும் வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டாங்க. நான் பரீட்ச எழுதற நேரத்துக்கு மட்டும் அங்க குடிபோயிர்றேன். வெளிய வந்ததும் நம்மூரு."

அட என் ராசாத்தி என்று கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "சரி சரி, உட்காரு" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அந்த ஊரைக் கட்டினார்கள். அங்கே கூலியை நாள் முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவார்கள் என்றது ஒன்று. அங்கே சலூனில் யார் போனாலும் முடி வெட்டுவார்கள் என்றது இன்னொன்று. "பாசேஜ்ஹள்ளில எல்லா எக்ஸ்பிரஸும் நின்னுதாங்க்கா போவும்" என்றான் மொரப்பூர், அவன் ஊர் ஸ்டேஷனில் பாதி ரயில் நிற்பதில்லை. அதற்கப்புறம் சட்டப் பகுதியில் யாராவது தடுமாறினால் நான் கத்துவதில்லை. பாசேஜ்ஹள்ளியில் இதற்கு என்ன நடக்கும் என்று கேட்பேன். டக்கென்று பதில் வரும். மாரண்டஹள்ளியின் மார்க்கு வாரத்துக்கு வாரம் ஏறியது. ஒரு தடவை மட்டும் நின்று கேட்டாள், "இப்பிடியே பழகிப் பழகி நம்மூரு எனக்கு மறந்து போயிருமாக்கா?" அதெல்லாம் மறக்காது, படி என்றேன். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது.

தேர்வு சேலத்தில். நாலு பேரையும் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். தொப்பூர் இறக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள், கணவாய் தாண்டுகிறவரைக்கும் விடவில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் எப்படிடி என்று கேட்டேன். "போயிட்டு வந்துட்டேங்க்கா" என்றாள்.

ரிசல்ட் வந்தது. நல்ல ரேங்க்தான், ஆனால் பி.சி. பட்டியலில் இழுபறி. இடம் ஒதுக்குகிற முதல் பட்டியலில் அவள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மொரப்பூர் அதற்குள் இடம் வாங்கிவிட்டுச் சந்தோஷப்படக்கூட முடியாமல் அவளுக்காக முழித்துக்கொண்டிருந்தான். கம்பெனி வேன்காரர் வேறு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது பட்டியல் வந்த அன்று நான் ஒரு குறுக்கு விசாரணைக்குப் போக வேண்டியவள், போனையே பார்த்துக்கொண்டு என் குமாஸ்தாவிடம் திட்டு வாங்கினேன். அதில் இருந்தாள். வெளிமாநிலத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகம். மாதாவே, மாரியம்மா, யார் கொடுத்தாலும் சரி, கொடுத்துவிட்டீர்கள் என்று கோர்ட் வராந்தாவிலேயே கும்பிட்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓடினேன். அப்பா காலை ஸ்டூலிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு கேட்டார், "படிச்சா உங்கள மாதிரி வக்கீலா வருமுங்களா?"

"என்னைவிடப் பெரிய ஆளா வருவா."

"அப்பிடின்னா சரிங்க. உங்களுக்கு வருமானமே இல்லன்னு கேள்விப்பட்டேன்."

எகத்தாளத்தைப் பாருங்கள்! ஆனால் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படிப்புச் செலவுக்குப் அவர்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் ஒரு பக்கம், பாங்க் கடன் ஒரு பக்கம் என்று ஏற்பாடு செய்து அவளை ரயில் ஏற்றினோம். வேன்காரரிடம் அவள் அம்மாவே போய், எங்கள் பிள்ளை வராது என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன புதிதில் அவளிடமிருந்து போனே இல்லை. அங்கே எல்லாம் பெரிய ஊர்ப் பிள்ளைகள், இவள் வாயடைத்துப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தூக்கம் போனது. ஒரு நாள் மத்தியானம் நான் கோர்ட் வாசலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கூப்பிட்டாள். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை. யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, இன்னைக்கு கிளாஸ்ல ஒரு கேசு குடுத்தாங்க. செங்கல் சூளையில முன்பணம் குடுத்து ஒரு குடும்பத்த வெளிய உடாம வெச்சிருக்காங்க. சட்டப்படி என்ன ஆவும்னு மேடம் கேட்டாங்க. எல்லாரும் டக்கு டக்குன்னு சொல்லிட்டாங்க, முதலாளிய புடிச்சி உள்ள போடலாம், குடும்பத்த விடுதல பண்ணலாம்னு. பதில் சரிதாங்க்கா, நானும் அதான் எழுதினேன். ஆனா கை தானா தூக்கிருச்சு. விடுதல ஆன அன்னைக்கி ராத்திரி அவங்க எந்த வூட்டுக்குப் போவாங்கன்னு கேட்டுட்டேன்."

"அப்புறம்?"

"மேடம் புஸ்தகத்த மூடி வெச்சிட்டாங்க. அடுத்த வாரம் முழு வகுப்பும் என்னுதாம். எங்கூர்ல நடந்ததையெல்லாம் நின்னு சொல்லணுமாம், சட்டம் அங்க எங்க நிக்குது, எங்க விழுதுன்னு. நீங்க மறந்துடுன்னு சொன்னீங்களே அக்கா, அதத்தான் இங்க கேக்கறாங்க. சொல்லட்டுமா?"

டப்பாவை மூடி வைத்தேன். கண்ணில் தண்ணி கொட்டுவதைப் பார்த்து எதிரில் இருந்த குமாஸ்தா பயந்துபோய் எழுந்துவிட்டார்.

"சொல்லு கண்ணு" என்றேன். "ஒண்ணு விடாம சொல்லு."