கொதிக்கும் இஞ்சினில் ஊற்றிய தண்ணீர்

அந்த லோரியின் இஞ்சின் பிளாக்கை உடைத்தவன் நான். ஓட்டுநர் சவரிமுத்து அண்ணன் அல்ல. என் பிழையை அவர் தலையில் கட்டினேன். அவர் அதை நம்பினார்... இன்றுவரை நம்புகிறார்.

உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? உங்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்பதாலா? இருக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

புக்கிட் பெலிம்பிங்கில் எனக்கு ஒரு சிறிய வொர்க்‌ஷாப். டீசல் இஞ்சின்தான் என் தொழில். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரிகளும், சுங்கை பஞ்சாங் வயல்களில் நெல் அறுக்கும் இயந்திரங்களும் என்னிடம் வரும். சவரிமுத்து அண்ணன் ஒரு சீனத் தவுக்கேயிடம் குலை லோரி ஓட்டினார். இருபத்தாறு வருடமாக அதே முதலாளி. காலையில் எண்ணெயும் தண்ணீரும் பார்க்காமல் அவர் சாவியைத் தொட்டதே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன்.

அன்று நண்பகலில் தோட்டத்துச் சாலையிலிருந்து கூப்பிட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ஹோஸ் கிழிந்துவிட்டது. ஆவியைக் கண்டதுமே இஞ்சினை நிறுத்திவிட்டாராம். மோட்டார் சைக்கிளில் போனேன். இஞ்சின் மூடியைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது.

"கொஞ்சம் ஆறட்டும் தம்பி. அவசரம் வேணாம்" என்றார் அண்ணன்.

எனக்கோ அவசரம். சுங்கை பஞ்சாங்கில் அறுவடை இயந்திரம் ஒன்று வயல் நடுவில் நின்றுபோயிருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வயல்காரர் நாலு முறை கூப்பிட்டுவிட்டார். கிழிந்த ஹோஸை மாற்றினேன். கிளிப் ஒன்று குறைந்தது. அண்ணனை என் மோட்டார் சைக்கிளில் கடைக்கு அனுப்பினேன்.

அவர் தலை மறைந்ததும் வாளியை எடுத்தேன். சாலையோரத் தொட்டியில் மழைத்தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, இரும்பு வெடித்துவிடும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது. ஊற்றினேன். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். தெரியாதது போல் நின்றேன்.

அண்ணன் திரும்பி வந்தார். "ஆறிடுச்சா தம்பி?"

"ஆறிடுச்சுண்ணே."

இரண்டாம் நாள் லோரி என் வாசலில் நின்றது. இஞ்சின் எண்ணெய், பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தது. தண்ணீர் எண்ணெயில் இறங்கிவிட்டது. முழுவதையும் பிரித்துக் கழுவிப் பார்த்தேன். பிளாக்கின் இரும்பில், இரண்டாம் சிலிண்டர் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். மயிரிழை அளவுதான். ஆனால் கிராங்க் தண்டு உட்காரும் இடம்வரை இறங்கியிருந்தது.

அதுவரை இறங்கிய பிளாக்கை எந்த மெக்கானிக்கும் தூக்கி எறியத்தான் சொல்வான்.

தவுக்கே வந்தார். அண்ணனும் பக்கத்தில் நின்றார். ஏன் உடைந்தது என்று தவுக்கே மலாய் மொழியில் கேட்டார். ஒரு மூச்சு விடும் நேரம் எனக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்... வாயில் வந்தது வேறு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது தெரியாமல் சூட்டிலேயே ஓட்டியிருக்கிறார்கள் என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் யோசித்தார்.

"ஒடனே நிறுத்தினேன்னுதான் நெனச்சேன் தம்பி... அதுக்கு முன்னாலேயே சூட்டு மீட்டர் முள்ளு ஏறியிருக்குமோ? நாந்தான் பாக்கலையோ?"

"இருக்கலாம்ணே" என்றேன்.

இந்த ஒரு சொல்லை நினைத்துப் பாருங்கள். இதில்தான் அவர் விழுந்தார்.

பழைய பிளாக்கைச் சரிசெய்வதா, வேறு பிளாக் போடுவதா? தவுக்கே முடிவை என்னிடமே விட்டார். வேறு போட்டால் செலவு அதிகம். அந்தக் கோபம் அண்ணன்மேல்தான் இறங்கும். சரிசெய்துவிட்டால் அவர் வேலை பிழைக்கும், என் பொய்யும் சிறியதாகிவிடும்... இப்படித்தான் கணக்குப் போட்டேன். விரிசல் கிராங்க் வரை போனதை யாரிடமும் சொல்லவில்லை. சரிசெய்யலாம் என்றேன்.

ஒன்பது நாள் அதன்மேல் குனிந்து கிடந்தேன். விரிசல் நெடுகத் துளையிட்டு, இரும்பு முளைகளை ஒன்றோடொன்று நெருக்கி முடுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அண்ணன் தினமும் காப்பி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "என்னால ஒங்களுக்கு எவ்வளவு சிரமம் தம்பி" என்பார். நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன்.

மூன்று வாரம் ஓடியது. பிறகு உலு யாம் பக்கம் ஒரு மேட்டில், முழுச் சுமையோடு ஏறும்போது பிளாக் பிளந்தது. எண்ணெய் சாலையில் கொட்டியது. அண்ணனுக்கு அடியில்லை. தவுக்கே ஒரு பழைய லோரியிலிருந்து நல்ல பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து போடச் சொன்னார். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். போட்டேன். இன்றும் ஓடுகிறது, வேறொரு ஓட்டுநர் கையில்.

ஒரே இஞ்சினை இரண்டு முறை கெடுத்தவன் வேண்டாம் என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

வேலை போனதோடு முடிந்திருந்தால் வேறு லோரி கிடைத்திருக்கும். ஓட்டுநர்களுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அண்ணன் தேடவில்லை. மீட்டர் முள்ளைப் பார்க்கத் தவறிய கண் இனி எதைத் தவறவிடுமோ என்று பயந்தார். மருத்துவமனைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டார். கண்ணில் குறையில்லை என்றார்கள். அப்படியென்றால் குறை புத்தியில்தான் என்று முடிவு செய்துகொண்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. பேத்தியை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப்போவதையும் நிறுத்திவிட்டார். மாதா கோயிலுக்கு வெயிலில் நடந்து போகிறார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் ஊற்றியது, சத்தம் கேட்டது, பொய் சொன்னது... எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகப் பழிய ஒங்க மேல போட்டுக்காதீங்க தம்பி. ஒங்க நல்ல மனசு எனக்குத் தெரியும் லா. ஒன்பது நாள் நான் பாத்தேனே."

மறுபடி சொன்னேன். சத்தியம் செய்தேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் நான் இன்னும் நல்லவனானேன். அந்த நிலையை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க இடமில்லாமல் நின்றேன்.

அவர் மனைவி தெரேசா அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட் வரை என் பின்னாலேயே வந்தார்.

"அவரு நம்பல. நான் நம்புறேன்" என்றார். "அவருகிட்ட சொன்னா கோவிச்சுக்க மாட்டாருன்னு ஒங்களுக்குத் தெரியும். தவுக்கேகிட்ட போய்ச் சொல்லுங்க. அவரு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லட்டும். அப்பதான் இவரு நம்புவாரு. அதுவரைக்கும் இங்க வராதீங்க."

"சொல்றேன்க்கா" என்றேன்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. தவுக்கேயின் லோரிகள்தான் என் வொர்க்‌ஷாப்பின் பாதி வேலை. அவர் போய்விட்டால் மற்றவர்களும் போவார்கள். ஆனால் இதுதான் காரணமா, அல்லது இதுவும் ஒரு சாக்கா? எனக்கே தெரியவில்லை. இருமுறை அவருடைய லோரிக் கொட்டகை வாசல்வரை போனேன். இருமுறையும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவரே வந்தார். எண்ணெய் மாற்றும்வரை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடையில் வேறு யாருமில்லை. சவரிமுத்து எப்படியிருக்கிறார், பாவம் நல்ல மனிதர், என்று அவரே பேச்சை எடுத்தார்.

நான் நிமிர்ந்தேன். நன்றாக இருக்கிறார் என்றேன்.