மதுரை – கொச்சி: முக்கால் மணி நேரம்

மதுரை விமான நிலையத்துக்கும் கொச்சி விமான நிலையத்துக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர்கூடக் கிடையாது. பறந்தால் முக்கால் மணி நேரம். ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு இது மனப்பாடம். எந்த இரண்டு ஊரைப் போட்டாலும் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் பக்கம் ஒன்றை அம்மாவின் போனில் கண்டுபிடித்திருந்தேன். அப்படியிருக்க, நர்ஸ் வேலைக்குத் துபாய் கிளம்பிய அக்காவைக் கொச்சியில் விமானம் ஏற்றிவிட, போடியிலிருந்து அப்பாவின் ஜீப்பில் மலையேறி இறங்கிப் போவதாகப் பெரியவர்கள் முடிவு செய்ததை என்னால் தாங்கவே முடியவில்லை.

"மதுரை போயி பிளேன் ஏறுனா வெரசா போயிரலாம்ல?" என்று வீடு முழுக்கக் கத்தினேன்.

"அந்த ரூட்டுல பிளேனே ஓடலடி. சும்மா கோடு போட்டு அளந்து வச்சிருக்கான்" என்றாள் அக்கா.

ஓடாத விமானத்துக்கு எதற்கய்யா நேரம் சொல்கிறீர்கள்? அந்த எரிச்சல் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

சரி, ஜீப்பிலும் ஒரு ஆறுதல் இருந்தது. ஏலக்காய் எடுக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் மலைக்குப் பறக்கும் ஜீப்புகளில் அப்பாவுடையதுதான் முதலில் போய்ச் சேரும். வளைவுகளில் பின்சீட்டுப் பெண்கள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

அன்றைக்கு அது மாட்டுவண்டியாகிவிட்டது. அடிவாரத்து முந்தல் ஊரில் நிறுத்தி டயரைத் தட்டிப் பார்த்தார் அப்பா. ஏற்றம் தொடங்கியதும் இஞ்சின் சூடாகிறது என்று ஓரங்கட்டினார். அடுத்த வளைவில் மறுபடியும். எங்களைத் தாண்டிய ஜீப்புக்காரர் ஒருவர், "என்ன மாப்ளே, பொண்ணழைப்பா?" என்று சிரித்துவிட்டுப் போனார். போடிமெட்டில் டீ. பூப்பாறையில் எலுமிச்சம்பழம் வாங்க இறங்கியவர் வரவே காணோம்.

"பிளேன் போயிரும்ப்பா!"

"போனா போகுது ஆத்தா. அடுத்த பிளேனு இல்லாமயா போயிரும்?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னைக்கு ஏறலைன்னா வேலைக்கு வேற ஆளப் போட்ருவாக. வண்டிய எடுங்க!"

இதில் அக்காதான் மிக மோசம். குளிக்க நான் கொஞ்சம் நேரமெடுத்தாலே கதவை உடைக்கிறவள், அப்பாவுக்குப் பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா இறங்கும்போதெல்லாம் தானும் இறங்கிப்போய் அவரோடு நின்று இஞ்சினைப் பார்த்தாள். இஞ்சினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

கொச்சி போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடும் நேரம். அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா டாட்டா காட்டிருக்கலாம்" என்றேன்.

திரும்பும்போது அப்பா பறந்தார். டீ கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. எத்தனையோ ஏற்றம் ஏறியும் இஞ்சின் ஒரு தடவைகூடச் சூடாகவில்லை.

"இப்ப மட்டும் எப்பிடிப்பா?" என்று கேட்டதற்கு அம்மா தொடையில் கிள்ளினாள்.

நான் கவனிக்காத நேரத்தில் அப்பா கொச்சியில் நல்ல மெக்கானிக் ஒருவரைப் பிடித்திருக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டேன். போடியிலேயே யாரிடமாவது காட்டிவிட்டுக் கிளம்பியிருந்தால் இத்தனை பாடு உண்டா என்று ஆத்திரமாக வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், ஜீப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன்: வண்டி ரிப்பேர் என்றால் கொச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.