பதினேழாவது விருந்தாளி

இன்று காலை மலாக்காவில் ஊரறிந்த ஒரு ஜவுளிக்கடை முதலாளியைத் தரையில் உட்கார வைத்து மணல் சோறு போட்டுவிட்டோம்!

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் என் உயிர் என்னிடம் இல்லை.

(தந்தி அடிக்கலாம் என்றால் பத்து வார்த்தைக்குள் அடங்குகிற கதையா இது? அதனால் இங்கே கொட்டுகிறேன்.)

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் காஜா பெராங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். அத்தாப்பு ஓலைக் கூரை, சுவரில் லண்டன் ராஜா படம், மூலையில் ஒரு குவியல் மணல், பதினேழு பிள்ளைகள்.

நான் படித்த மிஷன் பள்ளியில் ஒரு வெள்ளைக்கார மிஸ், சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் பாடம் என்று சொல்லிக்கொடுத்தார். அவரிடம் சீமையிலிருந்து கப்பலில் வந்த மரக்கட்டைகள் இருந்தன. என்னிடம் இருப்பது சிரட்டையும் பிஸ்கட் டின் மூடியும்தான். (ஆனால் சிரட்டையில் நான் கோடீஸ்வரி!)

பெற்றோர் யாருக்கும் இது பிடிக்கவில்லை. சுபைதாவின் வாப்பாவுக்கு அறவே பிடிக்கவில்லை.

சுபைதாவுக்கு ஆறு வயது. இன்று காலை அவள் வாப்பா ரிக்‌ஷாவில் நேரே வந்து இறங்கிவிட்டார்.

"டீச்சரம்மா, புள்ள சிலேட்டப் பாருங்க, ஒரு எழுத்து கெடையாது. பாவாடையப் பாருங்க, பூரா மண்ணு. மண்ணுல வெளயாட என் வீட்டு வாசல் பத்தாதா? இன்னியோட நிறுத்திக்கிறேன். கூப்பிடுங்க அவள."

வகுப்பில் இருப்பதே நான்கு பெண்பிள்ளைகள். ஒருத்தியை நிறுத்தினால் மற்ற மூன்று வீட்டிலும் அதே பேச்சு கிளம்பும். அதைவிட, சுபைதா இல்லாத வகுப்பை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை!

கூப்பிடலாம் என்று திரும்பினால், உள்ளே கலியாண விருந்து நடக்கிறது!

கலியாண வீட்டுக்காரி, சாட்சாத் சுபைதா.

அவர்கள் வீட்டு விருந்துகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். எங்கள் சஹன், பிஸ்கட் டின் மூடி. மணல்தான் நெய்ச்சோறு. செம்பருத்தியைக் கசக்கிய தண்ணீர்தான் தாளிச்சா.

"வாப்பா வந்துட்டாங்க! வாங்க வாங்க, இப்பத்தான் சோறு வச்சோம், உக்காருங்க!"

பாய் செருப்பைக் கழற்றிவிட்டார். விருந்துக்குக் கூப்பிட்டால் மறுத்துப் பழக்கம் இல்லாத மனிதர், பாவம்! அடுத்த நொடி முதல் சஹனில் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் கோபம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்திருக்கப் பார்த்தார்.

"பெலும் ஹாபிஸ்!" என்றான் பக்கத்தில் இருந்த மணியம். (இன்னும் சாப்பிட்டு முடியலையாம்! மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை, வீட்டில் மலாய்தான்.)

ஒரே சஹனில் உட்கார்ந்தவர் முடிக்கும் முன் எழுந்திருப்பது மரியாதை இல்லை. பாய் திரும்ப உட்கார்ந்தார். மணியமோ மணலை ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஆயிரம் கும்பிடு!

அதற்குள் ஒரு சிக்கல். பாய்க்கு இடம் விட்டு எழுந்த குஞ்சம்மா, உட்கார இடமில்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க அஞ்சு பேரா உக்கார வச்சிடும்மா" என்றார் பாய்.

"அஞ்சு பேரு உக்காந்தா கறி பத்தாது வாப்பா. நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்காட்டுவாங்க."

பாய் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

சுபைதா இடுப்பில் கை வைத்து யோசித்தாள். "பதினாறு பேருக்கு நாலு சஹன் போட்டாச்சு. இப்ப பதினேழு. இன்னொரு சஹன் போடணும். குஞ்சம்மா ஒண்ணு, டீச்சர் ரெண்டு, நான் மூணு... இன்னும் ஒரே ஒருத்தர் வேணும்."

ஓட்டமாக வாசலுக்கு ஓடினாள்.

"அப்பேக்! மாரி மாக்கான்!"

அடக் கடவுளே, வாப்பாவுக்காகக் காத்திருந்த சீன ரிக்‌ஷாக்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்! அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார். (டீச்சரும் ரிக்‌ஷாக்காரரும் ஒரே சஹனில் உட்கார்ந்த கலியாணம் இந்த ஊரில் இதுதான் முதல்!)

பாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு டீச்சரம்மா இவளுக்கு இந்தக் கணக்கச் சொல்லிக்கொடுத்தது?"

"நான் இல்ல பாய். மூணு மாசமா தினமும் விருந்து வைக்கிறா. அவளேதான் பிரிச்சுப் போடுறா."

பாய் மூன்று விரலால் மணலை அள்ளி வாயருகே கொண்டுபோனார்.

"நெய்ச்சோறு நல்லாருக்கு. தாளிச்சால கொஞ்சம் உப்பு கம்மி."

சுபைதாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உப்பு எடுக்கப் பறந்தாள்.

ஒருவழியாக மணியம் ஏப்பம் விட்டு, "சுடா ஹாபிஸ்!" என்றான். எல்லாரும் எழுந்தார்கள். பாய் என்னிடம் வந்தார்.

"இவ தம்பிக்கு நாலு வயசாச்சு. நாளையிலேர்ந்து அவனையும் இவளோட அனுப்புறேன்."

அழுதுவிட்டேன். டீச்சர் அழக்கூடாதுதான், என்ன செய்வது!

சுபைதாதான் முகத்தைச் சுளித்தாள். "தம்பி வேணாம் வாப்பா! நீங்க போயிட்டா பதினாறு பேரு, சரியா நாலு சஹன். அவன் வந்தா அவன் ஒருத்தன் மிச்சம். அவன்கூட நானும் டீச்சரும் உக்காந்தாலும் இன்னொரு ஆள் வேணுமே!"

பாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்றா! ஆளு டீச்சரம்மா புடிச்சிருவாங்க, நீ கவலப்படாத."

ரிக்‌ஷாக்காரரைக் கேட்டேன். நாளைக்கு அவருக்கு உஜோங் பாசிருக்குச் சவாரி இருக்கிறதாம்.

ஆகவே நண்பர்களே, நாளை காலை பத்து மணி. நெய்ச்சோறு, தாளிச்சா, ஐந்தாவது சஹனில் ஓர் இடம் காலி.

யார் வருகிறீர்கள்?